திக்கித் திக்கி வேதம் வாசிக்கிறவன் கேட்கிறேன்: நம் பலவீனத்துக்கு ஆண்டவரிடத்தில் ஒரு வேலை உண்டா?

லிந்துலை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வருடமாக இங்கே வந்து வாசித்துவிட்டுப் போகிறவன் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு ஐந்து வயதிலிருந்தே திக்குவாய். ப, த, க என்று தொடங்குகிற சொல் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். இப்போது இருபத்தாறு வயது. தலவாக்கலை டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. அங்கே அவ்வளவு கஷ்டமில்லை. உடைந்த போனை மேசையில் வைத்துவிட்டால் பேச்சு அதிகம் தேவைப்படாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபை சின்னது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தாலே நிறைந்துவிடும். வேதபாடம் வாசிக்க முறை வைத்து ஆள் போடுவார்கள். இந்தத் தடவை என் பெயரையும் போட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை.

வாசிக்க வேண்டியது 2 கொரிந்தியர் 12, பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளைப் பற்றி எழுதுகிற இடம். இன்று காலை எப்படியோ எட்டாம் வசனம் வரை வந்துவிட்டேன். ஒன்பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதும் வந்துவிட்டது. அடுத்த சொல் "பலவீனத்திலே". அந்த "ப" வரவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. வரியின் மேல் வைத்திருந்த பெருவிரலின் வியர்வை அந்த மெல்லிய தாளில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்றுதான் குனிந்தார்கள், அது எனக்குத் தெரியும். முன் பெஞ்சில் ஒரு பாட்டி மட்டும் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடும் என் உதடு மாதிரியே மூடியிருந்தது, "ப" சொல்லப் போகிற மாதிரி. ஆனால் சொல்லவில்லை. என் வாய் திறந்தபோதுதான் அவர் வாயும் திறந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். ஒருவர், "உபவாசம் இருந்து ஜெபி தம்பி, விசுவாசம் இருந்தால் நாவு கட்டவிழும்" என்றார். மற்றவர் இன்றைக்குப் பிரசங்கம் பண்ண வெளியிலிருந்து வந்தவர். "தம்முடைய மகிமைக்காகவே ஆண்டவர் உனக்கு இதைக் கொடுத்திருக்கிறார், சந்தோஷப்படு" என்றார். முதலாமவர் சொன்னதில் குற்றம் என் மேல் வந்து விழுந்தது. இரண்டாமவர் சொன்னதில், வகுப்பில் என்னை வாசிக்க எழுப்பிவிட்டு எல்லாரும் சிரித்ததுகூட ஆண்டவருடைய ஏற்பாடு என்று ஆகிவிட்டது. இரண்டுமே வலித்தது.

அடுத்து என் முறை வர மூன்று கிழமை இருக்கிறது. விலகிக்கொள்ளலாமா? அதைவிடப் பெரிய கேள்வி, பலவீனத்துக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறதா, இல்லை மாற்ற முடியாததற்கு நாமாக ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்கிறோமா?


ஜெபவீரன்
ஞாயிறு, இரவு 8.52

தம்பி, முதலாமவர் சொன்னதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். "ஊமையன் நாவும் கெம்பீரிக்கும்" என்று ஏசாயா 35இல் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு இழுப்பு. நுவரெலியாக் குளிரில் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவேன். என் அம்மா ஜெபித்துக்கொண்டே இருந்தார். இன்று மலை ஏறுகிறேன். உங்களுக்கும் அது நடக்கும் என்று முழு மனதோடு நம்புகிறேன். விசுவாசத்தைத் தளர விடாதீர்கள்.


பொகவந்தலாவைப் பிள்ளை
ஞாயிறு, இரவு 9.10

கவ்வாத்து வெட்டினால்தான் தேயிலையில் கொழுந்து வரும். அப்படித்தான் ஆண்டவர் நம்மையும் வெட்டுகிறார். வெட்டும்போது வலிக்கும், அப்புறம் துளிர்க்கும். தைரியமாக இருங்கள் அண்ணா.


உபதேசியார்
ஞாயிறு, இரவு 10.30

தம்பிக்கு. நாற்பது வருடம் தோட்டம் தோட்டமாக நடந்து வேதம் சொல்லிக் கொடுத்தவன் நான். முழங்கால் போய்விட்டதால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

உங்களுக்கு முன்னால் இதே கேள்வியை ஆண்டவரிடமே கேட்டவர் மோசே. யாத்திராகமம் 4:10இல் "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்கிறார். எபிரெயு மூலத்தில் அது "வாய் கனத்தவன், நாவு கனத்தவன்" என்று இருக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் திக்குவாய் என்றே எழுதிவிட்டார்கள். பிற்பாடு பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்று சொல்லுகிற சில இடங்களிலும் அதே கனம் என்கிற சொல் வருகிறது. வாய் கனத்தவனை இருதயம் கனத்தவனிடம் அனுப்புகிறார் கர்த்தர்.

இனி நான் சொல்ல வந்ததைக் கவனியுங்கள். மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கர்த்தர் கேட்கிறார். நான் உன் வாயோடே இருப்பேன் என்கிறார். ஆனால் நாவைக் குணமாக்கினார் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. மோசே இன்னும் தயங்கவே கோபம் மூளுகிறது. அந்தக் கோபத்திலும் அவர் செய்தது என்ன தெரியுமா? "உன் அண்ணன் ஆரோன் வருகிறான், உன்னைக் கண்டு மனம் மகிழுவான்" என்று ஒரு துணையாளைக் கொடுக்கிறார். சரளமாகப் பேசுகிறவராக மோசே இருந்திருந்தால் எகிப்துக்கு ஒற்றை ஆளாகத்தான் போயிருப்பார். அவர் நாவில் இருந்த குறைதான் பிரிந்திருந்த அண்ணனையும் தம்பியையும் வனாந்தரத்தில் ஒன்றாக நிறுத்தியது.

பலவீனத்துக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இன்னொருவர் வந்து நிற்க அது இடம் விடுகிறது. அந்தத் துணையும் குறையுள்ள ஆள்தான், ஆரோன் பிறகு பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்தவர். இருந்தாலும் கர்த்தர் அவரைத்தான் அனுப்பினார். நாற்பது வருடம் கழித்து உபாகமத்தைத் திறந்து பாருங்கள். மோசே ஜனங்களுக்குச் சொன்ன வார்த்தைகள் என்று தொடங்கி, புத்தகத்தின் பெரும்பகுதி அவர் பேச்சாகவே போகிறது. அதற்குள் திக்கு போயிருந்ததா, திக்கிக்கொண்டே பேசினாரா, சொல்லப்படவில்லை. யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை.

விலக வேண்டாம் தம்பி. முன் பெஞ்சில் இருந்த அந்தப் பாட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன்.


பழைய கணக்கப்பிள்ளை
திங்கள், காலை 6.05

பொகவந்தலாவைப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கவ்வாத்து உவமையைப் பல பிரசங்கங்களில் கேட்டுவிட்டேன், ஒரு தடவையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

பலவீனமான செடிக்குக் கவ்வாத்து வெட்டக்கூடாது. வெட்டினால் செத்துப்போகும். மலையில் கத்தி வைக்கும் முன் இரண்டொரு செடியின் வேரைத் தோண்டி, துண்டு எடுத்து அயடின் தடவிப் பார்ப்பார்கள். கறுநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, இலை எல்லாம் போனாலும் அதை வைத்துத் துளிர்க்கும். நிறம் மாறவில்லை என்றால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அல்லது ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவிட்டு மற்றதை வெட்ட வேண்டும். அந்தக் கிளையின் இலைதான் புதுத் துளிர் வரும்வரை செடிக்குச் சாப்பாடு போடும்.

யோவான் 15ஐயும் எடுத்துப் பாருங்கள். அதிகக் கனி தரும்படி சுத்தம் பண்ணப்படுவது ஏற்கெனவே கனி கொடுக்கிற கொடி. நொந்து கிடக்கிறவனைப் பார்த்து "ஆண்டவர் உன்னை வெட்டுகிறார்" என்று சொல்லுகிறவர்கள் வேரைத் தோண்டிப் பார்த்தார்களா? மங்கியெரிகிற திரியை அணைக்காதவர் என்றுதானே ஏசாயா அவரைச் சொல்லுகிறார்.


கொழுந்துக்காரி மகள்
திங்கள், பகல் 12.40

கணக்கப்பிள்ளை ஐயா எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கும் எழுதத் தைரியம் வந்தது.

பலவீனம், பலவீனம் என்று நாம் எதைச் சொல்லுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தார். எங்கள் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். கொழுந்துப் பையின் கயிறு நெற்றிக்கு மேலே தலையில் மாட்டும். அம்மாவின் முன்தலையில் அந்தக் கயிறு போன இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை, தோல் வழவழவென்று இருக்கும். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் அது மாறவில்லை. முதுகு நிமிராது. கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் ஒரு பெரியவர் அம்மாவிடம் சொன்னார்: "பவுலுக்கு முள் இருந்த மாதிரி உங்களுக்கு இந்த முதுகு."

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த முதுகை முள் என்று சொல்லிவிட்டால் பதினெட்டுக் கிலோவைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. 1948இல் எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தன. அதுவும் முள்தானா? எங்கள் ஜனத்துக்கு நாதியற்ற நிலை ஒரு பலவீனம் என்றால், அது பிறவியில் வந்ததல்ல, சட்டம் போட்டுச் செய்தது.

லூக்கா 13ஐ எடுத்து வாசியுங்கள். பதினெட்டு வருடம் நிமிர முடியாமல் கூனிப்போன ஒரு பெண். பவுல் தன் பலவீனத்துக்குச் சொன்ன அதே கிரேக்கச் சொல்தான் அங்கேயும் வருகிறது. அவளிடம் இயேசு "என் கிருபை உனக்குப்போதும்" என்று சொல்லவில்லை. "ஸ்திரீயே, உன் பலவீனத்தினின்று விடுதலையாக்கப்பட்டாய்" என்றார், கை வைத்தார், அவள் நிமிர்ந்தாள். ஓய்வுநாளில் செய்யலாமா என்று ஜெபாலயத் தலைவன் கோபப்பட்டபோது, மாட்டையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று கேட்டார். அவளை "ஆபிரகாமின் குமாரத்தி" என்றார். கூனிக் கிடந்த ஒருத்தியை யாராவது அப்படி அழைத்திருப்பார்களா?

இன்னொன்று. பவுலின் முள்ளைப் பற்றி யார் பேசினார்? பவுல்தான். எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட பிறகு பேசினார். கொரிந்து சபை அவருக்கு அதைச் சொல்லவில்லை. அந்த முள்ளை அவர் "சாத்தானுடைய தூதன்" என்றும் சொல்லுகிறார். வலி நல்லது என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தம்பி, உங்கள் திக்குவாய்க்கு என்ன அர்த்தம் என்று சொல்ல உங்களுக்கும் ஆண்டவருக்கும் தவிர வேறு யாருக்கும் உரிமை கிடையாது. அந்தப் பிரசங்கியாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.


லிந்துலை வாசகன்
திங்கள், மாலை 7.20

அக்கா, கடையில் வேலைக்கு நடுவே இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். நன்றி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உபதேசியார் ஐயா, ஆரோன் வருகிற அந்த இடத்தை நான் இதுவரை தண்டனை மாதிரியே வாசித்திருக்கிறேன். "உன்னைக் கண்டு மனம் மகிழுவான்" என்பதை இன்றுதான் பார்த்தேன்.


மஸ்கெலியா தம்பி
திங்கள், இரவு 11.15

நான் வேறு வகை ஆள். என் பலவீனம் குடி. நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது தொடாமல்.

அக்கா பிரித்தது சரி. நானும் ஒன்றைப் பிரிக்கிறேன். என் குடியை நான் முள் என்று சொல்ல மாட்டேன். அது என் பிள்ளையின் பாடசாலைக் காசையும் தின்றது. பாவத்தைப் பலவீனம் என்று சொல்லித் தடவிக்கொடுத்தால் நம் ஆட்கள் அதிலேயே கிடப்பார்கள். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா என்று ரோமர் 6இல் பவுலே கேட்டு, கூடாதே என்று அடித்துச் சொல்லுகிறார். ஆனால் குடிக்க வேண்டும் என்கிற அந்த இழுவை இருக்கிறதே, அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அது போகவில்லை. அதைத்தான் பலவீனம் என்கிறேன்.

குடிநோயாளர் கூட்டம் ஒன்றுக்குக் கண்டிக்குப் போய் வந்தேன். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கியது அது. அவர்களுடைய முதல் படியே, மதுவுக்கு முன் எனக்குப் பலம் இல்லை என்று ஒத்துக்கொள்வதுதான். பலம் இருக்கிறது, நாளையிலிருந்து நிறுத்துவேன் என்று சொன்ன பன்னிரண்டு வருடமும் நான் குடித்தேன். எனக்குப் பலம் இல்லை என்று சொன்ன நாளிலிருந்துதான் நிறுத்த முடிந்தது. பலவீனமாயிருக்கும்போதே பலமுள்ளவனாயிருக்கிறேன் என்பதற்கு எனக்கு இந்த ஒரு விளக்கம்தான் தெரியும். அது ஒரு மாதிரி நடைமுறை விஷயம். பத்தாம் தேதி சம்பளம் வந்தால் அப்படியே மனைவி கையில் கொடுத்துவிடுவேன். சாராயத் தவறணைப் பக்கம் போகிற பாதையில் போக மாட்டேன், தேயிலை ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் கூட நடப்பேன். பலசாலி என்று நினைத்திருந்தால் நேர் வழியில்தான் போயிருப்பேன்.

இரவில் யாராவது கதவைத் தட்டினால் எழுந்து தேத்தண்ணி வைப்பேன். குடியை விட முடியாமல் தவிக்கிறவர்கள் என் லயத்து வீட்டுக்குத்தான் வருகிறார்கள். பாஸ்டர் நல்லவர், அவரிடம் போக வெட்கப்படுகிறார்கள். என்னிடம் வெட்கமில்லை. நான் விழுந்து கிடந்த சாக்கடைக் கானை அவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.


பதுளை டீச்சர்
செவ்வாய், காலை 5.30

ஜெபவீரன் அண்ணாவுக்கு இதை மிகுந்த மரியாதையோடு எழுதுகிறேன். நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள்.

எனக்கு மனச்சோர்வு நோய். ஏழு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். மூன்றாவது வருடம் ஒரு ஜெபக்கூட்டத்தில் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று கேட்டார்கள். நிறுத்தினேன். ஐந்தாவது கிழமை என்னால் தலை வாரக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதவில்லை. என் தங்கை அன்று வீட்டில் இருந்தபடியால் நான் இன்று இருக்கிறேன்.

அதன் பிறகு பவுலின் கடிதங்களை வேறு கண்ணோடு வாசித்தேன். தீமோத்தேயுவுக்கு அவர் எழுதுகிறார்: உன் வயிற்றுக்காகவும், உனக்கு அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும், தண்ணீர் மாத்திரம் குடியாமல் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள். அந்தக் காலத்தில் அது மருந்து. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். தன் முள்ளோடு வாழ்ந்தவர், அடுத்தவனின் பலவீனத்தைக் கண்டதும் விசுவாசத்தை அளக்கவில்லை, மருந்து சொன்னார்.

என் நோய்க்கு ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டால், பின் வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை நான் பார்க்கிறேன். முன்பு பார்க்க மாட்டேன். இதற்காகத்தான் ஆண்டவர் நோயைத் தந்தார் என்று சொல்ல என் வாய் வராது. நோய் வந்தது, அவர் அதை வீணாக்கவில்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இழையை வாசிக்கிற யாருக்காவது அந்த இருட்டு இப்போது இருந்தால், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். ஜெபமும் செய்யுங்கள், அதையும் எடுங்கள்.

லிந்துலைத் தம்பி, டீச்சராக ஒரு விஷயம். திக்குகிற பிள்ளைகள் இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தால் திக்கு வெகுவாகக் குறையும். பாடும்போதும் அப்படித்தான். ஆராதனையில் பாட்டுப் பாடும்போது உங்களுக்குத் திக்குகிறதா? பெரிய அரச வைத்தியசாலைகளில் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.


லிந்துலை வாசகன்
செவ்வாய், காலை 8.10

இல்லை டீச்சர். பாட்டில் ஒரு நாளும் திக்கியதில்லை. இதுவரை ஏன் என்று யோசித்ததே இல்லை.


கண்டிக் கத்தோலிக்கன்
செவ்வாய், பகல் 2.00

நாங்கள் பூசையில் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "என் அருள் உனக்குப் போதும், வலுவின்மையில்தான் வல்லமை நிறைவாய் வெளிப்படும்" என்று இருக்கிறது. உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "என் பலம்" என்று இருக்கிறது, இங்கே "என்" இல்லை. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளிலும் அந்த "என்" கிடையாது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல வரவில்லை. வலுவின்மை என்ற சொல் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பலவீனம் என்றால் ஏதோ குற்றம் மாதிரி காதில் விழுகிறது. வலு இல்லை என்றால், இல்லை, அவ்வளவே.

புனித யோசப் வாஸ் என்ற குருவானவர் நினைவுக்கு வருகிறார். கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். வந்தவுடனே கடும் நோயில் விழுந்தார். 1692இல் கண்டிக்கு வந்தால் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறை. பணமும் இல்லை, படையும் இல்லை, பின்னால் நிற்க ஒரு அரசாங்கமும் இல்லை. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது ஊரே ஓடியது, நோயாளிகளைத் தூக்கிவைத்துப் பார்த்தது அவர். 1711இல் இங்கேயே இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்று நான் காலிமுகத்திடலில் நின்றேன். போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையும் பீரங்கியும் வைத்துக்கொண்டு பரப்பிய மதம், பீரங்கி போன பிறகு இந்த ஒற்றை மனிதரின் கையில் உயிரோடு இருந்ததே, அதைத்தான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஜெபவீரன்
செவ்வாய், இரவு 9.45

டீச்சர் அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் செய்தது தவறு. நானும் யாரிடமாவது அப்படிப் பேசியிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடம் பேசியிருக்கிறேன். நாளைக்கு அவரைப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

ஆனால் குணமாக ஜெபிப்பதை நான் விடமாட்டேன். பவுலும் மூன்று தரம் கேட்டார் அல்லவா? கேட்கக்கூடாது என்று ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தம்பிக்காகவும் கேட்பேன், அக்காவின் அம்மாவின் முதுகுக்காகவும் கேட்பேன்.


கொழுந்துக்காரி மகள்
செவ்வாய், இரவு 10.05

கேளுங்கள் அண்ணா. அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். கிலோவைக் குறைக்கவும் சேர்த்துக் கேளுங்கள்.


உபதேசியார்
புதன், காலை 7.00

மகளே, உங்களிடம் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம் உண்டு. ஒருவனுடைய பலவீனத்தின் அர்த்தத்தைச் சொல்ல வேறு யாருக்கும் உரிமை இல்லை என்றீர்கள். சில சமயம் உள்ளே இருக்கிறவனுக்கு அது தெரியாது. மஸ்கெலியாத் தம்பியின் கதவை இரவில் தட்டுகிறவர்களைக் கேட்டால்தான் அந்தத் தம்பியின் பலவீனம் என்ன வேலை செய்கிறது என்று தெரியும். அர்த்தத்தைத் திணிப்பது வேறு, நன்றி சொல்வது வேறு என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள்.


கொழுந்துக்காரி மகள்
புதன், பகல் 1.15

நன்றி சொல்வது சரி ஐயா. அதை அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் சொல்லுகிறார் என்பதையும் பார்ப்பேன். முதுகு நிமிர்ந்தவர்கள் வந்து சொல்லும்போது எனக்கு இன்னும் பொறுக்காது.


லிந்துலை வாசகன்
சனி, இரவு 9.30

உபதேசியார் ஐயா கேட்டபடி அந்தப் பாட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்ததும் அவர் லயத்துக்குப் போனேன். எங்கள் வரிசைக்குக் கீழே மூன்றாவது வரிசை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்று ஏன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டு முடிக்க எனக்கு நேரமெடுத்தது. அன்றைக்குப் போலவே காத்திருந்தார்.

"என் தம்பிக்கும் இப்படித்தான்" என்றார். "யாராவது சொல்லை எடுத்துக் கொடுத்தா அழுதிடுவான். நான் மட்டும் குடுக்க மாட்டேன். வாயை வச்சிட்டு நிப்பேன், அவன் வந்து சேரட்டும்னு." அந்தத் தம்பி எழுபதுகளில் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவருக்குப் பிறகு வாயை அப்படி வைத்துக்கொண்டு நின்றது அந்த ஞாயிற்றுக்கிழமைதானாம்.

டீச்சர் சொன்னதை அவரிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கையை விரித்துக் காட்டினார். பாட்டிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பத்து வயதில் கொழுந்து மலைக்குப் போனவர். சங்கீதங்களும் ஞானப்பாட்டும் எல்லாம் காதால் கேட்டே பாடம்.

"நீ எனக்கு வாசிச்சுக் காட்டு, நான் பாடம் பண்ணிக்கிறேன். அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்" என்றார்.

சபைப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். அக்கா எழுதிய அந்த லூக்கா 13ஐயே கேட்டு வாங்கினேன், பத்தாம் வசனத்திலிருந்து பதினேழு வரை. வேலை முடிந்து வந்து தினமும் அரை மணி நேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசிக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் திருப்பிச் சொல்லுகிறார். நேற்று "பதினெட்டு வருஷமாய்" என்ற இடத்தில் நெடுநேரம் நின்றோம். இரண்டு பேர் வாயும் மூடியிருந்தது. உள்ளே அவர் மருமகள் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர், சத்தம் நின்றதே என்று எட்டிப் பார்த்தார்.

இன்று பதின்மூன்று வரை முடிந்தது. அவருக்கு இன்னும் நாலு வசனம் பாடமாக வேண்டும். இரண்டு கிழமை இருக்கிறது.